உஷ் சாரும் நாலேகால் நிமிடமும்

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அடையாள அட்டையில் புகைப்படத்துக்குக் கீழே அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்தும் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் அந்த ஆறாவது மாடியில் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் உஷ் சார்தான். வேலை நேரத்தில் யாராவது அவர் மேஜையை நெருங்கினால், தலையைக்கூடத் திருப்பாமல் இடது கை ஆள்காட்டி விரலை மேலே தூக்கி "உஷ்" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏதோ ஒலிப்பதிவு நடக்கிறது என்று பயந்து நுனிக்காலில் நடந்து போவார்கள்.

பதிவு நடப்பது உண்மை. ஆனால் அதில் ஒலி என்பதே கிடையாது. அவர் காதருகே நின்று ஒருவன் தகர டப்பாவைத் தட்டினாலும் பதிவில் ஒரு பொட்டு ஏறாது. பிறகு எதற்கு அந்த உஷ் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த வாழ்க்கைக் குறிப்பு. போர் நடத்தியவர்களுக்கும் பாலம் கட்டியவர்களுக்கும் வரலாறு எழுத ஆள் இருக்கிறது. காலை பத்து மணிக்கு இரண்டாயிரம் பேர் தடங்கல் இல்லாமல் மெயில் பார்க்க முடியுமா என்று கவலைப்பட்டே தலை நரைத்த மனிதருக்கு ஒருவரும் இல்லை.

உஷ் சார் மெயில் சர்வர்களைச் சோதிப்பவர். நாம் பொத்தானை அழுத்தியதும் மெயில் பறந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது வேறு. நம் கணினி முதலில் சர்வருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கம் சொல்லாதவனுக்குச் சர்வர் முகம் கொடுக்காது. அது பதில் வணக்கம் சொன்னபிறகு, நான் இன்னார் என்று தெரிவிக்க வேண்டும். அதற்கு என்ன அத்தாட்சி என்று அது கேட்கும். கடவுச்சொல்லைக் காட்ட வேண்டும். யாருக்கு மெயில் என்று விசாரிக்கும். சரி, சொல்ல வந்ததைச் சொல் என்னும். எல்லாம் முடிந்து, போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அந்த அலுவலகத்தில் இத்தனை மரியாதையாகப் பேச்சு நடந்த ஒரே இடம், கணினிக்கும் சர்வருக்கும் நடுவே ஓடும் அந்தக் கம்பிதான்.

அந்தக் கம்பியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உஷ் சாரின் பிழைப்பு. தானே ஒரு சாதாரண ஊழியரைப் போல உள்ளே நுழைந்து மெயில் திறப்பார், படிப்பார், பதில் எழுதுவார். பக்கத்தில் ஓடும் பதிவு நிரல், அவர் கணினிக்கும் சர்வருக்கும் நடக்கும் பேச்சை வரி பிசகாமல் எழுதிக்கொள்ளும். பிறகு அந்தப் பதிவிலிருந்து தன் பெயரையும் கடவுச்சொல்லையும் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டாயிரம் பொய்ப் பெயர்களைச் செருகுவார். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். அதை ஓடவிட்டால், அவர் ஒருவர் செய்ததை உலகத்தில் இல்லாத இரண்டாயிரம் பேர் சேர்ந்து செய்வார்கள். முதலில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து நிற்பார்கள். எல்லாரும் வந்தாயிற்று என்று தெரிந்ததும் ஒரே நொடியில் வேலையைத் தொடங்குவார்கள். சர்வர் தாங்கினால் திரையில் பச்சைக்கோடு, தாங்காவிட்டால் சிவப்பு.

இதில் ஒரு சங்கடம். பதிவில் பேச்சு மட்டும் ஏறுவதில்லை. பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே கழிந்த நேரமும் ஏறும். ஒரு மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உஷ் சார் ஆறு விநாடி மூக்கைச் சொறிந்தால், இரண்டாயிரம் பேரும் அதே ஆறு விநாடி மூக்கைச் சொறிவார்கள். யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் அவர் கை நிற்கும். அவர் கை நின்றால் இரண்டாயிரம் ஜோடிக் கைகள் நிற்கும். இருபத்திரண்டு வருடச் சேவையில் அவர் விடாப்பிடியாகக் கட்டிக்காத்த கொள்கை ஒன்றே ஒன்றுதான். இடைவெளி என்பது அழுக்கு. வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வந்தால் வெட்டி எறிய வேண்டும். அதற்குத்தான் அந்த விரல், அதற்குத்தான் அந்த உஷ்.

வீட்டில் அந்த விரலுக்கு மதிப்பில்லை. அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடமாக உடற்பயிற்சி ஆசிரியை. தெருவே அவரை டீச்சர் என்று கூப்பிடும், உஷ் சாரும் அப்படித்தான் கூப்பிடுவார். கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இல்லாமல் டீச்சரைப் பார்த்தவர்கள் குறைவு. குக்கரில் பருப்பு வேகிற நேரம், கணவர் குளிக்கிற நேரம், பக்கத்து வீட்டுக்காரி "ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்துப் பேசுகிற நேரம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் விநாடிக் கணக்கு உண்டு. உஷ் சார் ஒவ்வொரு சோதனை மெயிலிலும் "இது சோதனை. பதில் வேண்டாம்." என்று மட்டும் எழுதுவார் என்று தெரிந்த நாளில், கல்யாணத்துக்கு முன்னால் தனக்கு வந்த கடிதங்களும் ஏறக்குறைய இதே நடைதான் என்று டீச்சர் சொன்னாராம்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் ஓய்வு பெறுகிறார். மூன்று மணிக்குப் பள்ளி அரங்கில் பிரிவு உபசாரம்.

இதில் பின்கதை உண்டு. உஷ் சார் இந்த வேலைக்கு வந்தபிறகு நடந்த இருபத்திரண்டு விளையாட்டு விழாக்களில் அவர் முழுதாக உட்கார்ந்து பார்த்தது இரண்டு. அதில் ஒன்றில் தூங்கிவிட்டார். போன வருடம் அவர் மூச்சிரைக்க மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். தானும் நான்கு நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றுதான், பதிவு முடியவில்லை. டீச்சர் சண்டை போடுகிறவர் அல்ல. திங்கட்கிழமை காலை ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே ஒரே ஒரு தடவை சொன்னார்.

"வெள்ளிக்கிழமை மூணு மணி. முதல் வரிசையில ரெண்டாவது நாற்காலி உங்களுக்கு. நீங்க வரலைன்னா அதுல என் பையை வச்சிடுவேன்."

அவ்வளவுதான். அழுகை இல்லை, கோபம் இல்லை, பை. உஷ் சாருக்கு அன்று முழுவதும் அந்தப் பை கண்ணை விட்டு அகலவில்லை.

அலுவலகத்தில் அந்த வாரம்தான் புதிய மெயில் சர்வரின் சோதனை. அடுத்த திங்கட்கிழமை இரண்டாயிரம் ஊழியர்களும் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற வேண்டும். மேலாளர் இதைத் தலைமை அலுவலகத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவைத்திருந்தார். உஷ் சார் பதிவெடுத்து, ஓடவிட்டு, "சர்வர் தாங்குகிறது" என்ற சான்றில் வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை அவருக்கு விடுப்பு. விடுப்புக் கடிதத்தில் மேலாளர் அப்படித்தான் நிபந்தனை எழுதியிருந்தார். கையெழுத்து இல்லையென்றால் வெள்ளிக்கிழமை முழுவதும் இருக்கையில் இருந்து, சர்வரைச் சரிசெய்யச் செய்யத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

பத்து நிமிடப் பதிவு. திங்கள் ஒன்பதரைக்குத் தொடங்கியவர் புதன் மதியம் வரை அதையே எடுத்துக்கொண்டிருந்தார் என்றால் நம்பமாட்டீர்கள்.

முதல் பதிவில், தொலைந்த குடை ஒன்று இவருடையதா என்று காவலாளி கேட்க வந்தார். உஷ் என்றதும் குடையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது யாருடைய குடை என்று உஷ் சார் பதினெட்டு விநாடி யோசித்தது பதிவில் ஏறிவிட்டது. மூன்றாவது பதிவில் தீயணைப்பு ஒத்திகை வந்து எல்லாரையும் கீழே இறக்கிவிட்டார்கள். ஐந்தாவது பதிவில் யாரும் வரவில்லை. யாரும் வரவில்லையே என்ற ஆச்சரியத்தில் அவரே தன் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துவிட்டார். எட்டாவது, ஒன்பதாவது, பதினோராவது பதிவுகளைக் கெடுத்த பெருமை மேலாளரையே சாரும். மேலாளர் பரபரப்பான மனிதர். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அக்கறைக்கு அளவே இல்லை. அந்த அக்கறையை அரை மணிக்கொரு முறை நேரில் வந்து தெரிவிப்பார்.

"என்ன சார், முடிஞ்சுதா?"

உஷ் சார் விரலைத் தூக்குவார். மேலாளர் அந்த விரலை, ஒரே ஒரு நிமிடம்தான் பாக்கி என்று பொருள் கொள்வார். அங்கேயே நின்று அந்த ஒரு நிமிடத்தைக் காத்திருப்பார். காத்திருக்கும்போது சும்மா இராமல், இந்த வேலை எவ்வளவு அவசரம் என்பதை விளக்குவார். தலைமை அலுவலகத்தில் அவர் என்ன சொன்னார், அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள், அதற்கு இவர் என்ன சொல்லியிருக்கலாம் என்பதெல்லாம் வரும்.

அலுவலகத்தின் இன்னொரு கோடியில், கண்ணாடிக் கதவு போட்ட குளிர்சாதன அறையில், புதிய சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தார். வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் கம்பளிச் சட்டையிலேயே திரிவதால் அவருக்கு ஸ்வெட்டர் என்று பெயர். உஷ் சாரை அண்ணே என்பார். பதினைந்து பதிவுகள் பாழான கதையைக் கேட்டுவிட்டு, அலுவலகச் சமையலறையில் போய் உட்கார்ந்து பதிவு செய்யலாமே என்று யோசனை சொன்னார். அதைச் சொல்லவும் அவர் பதினாறாவது பதிவின் நடுவில்தான் வந்திருந்தார்.

புதன் மதியம் பதினேழாவது பதிவு. வணக்கம், கடவுச்சொல், முதல் மெயில், இரண்டாவது மெயில் என்று எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பதிலைத் திறந்து எழுதப் போகிற நேரத்தில் மேலாளர். அன்று அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டே பேசினார். அவர் எழுந்து போனபிறகு உஷ் சார் கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகால் நிமிடம். வேறு எங்கும் ஒரு விநாடிகூடப் பிசகவில்லை, நடுவில் அந்த ஒரே ஒரு நாலேகால் நிமிடம். பதினெட்டாவது தடவை வணக்கம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று பதிலை எழுதி அனுப்பி, பதிவை மூடினார்.

அந்த அப்புறத்தில்தான் வினை. அன்றைக்கே வெட்டியிருக்க வேண்டும், அலுப்பில் மறந்துவிட்டார். வியாழன் காலை ஸ்கிரிப்ட் அழுக்கோடு ஓடியது.

இரண்டாயிரம் பேரும் இரண்டு நிமிடத்துக்குள் ஒழுங்காக உள்ளே வந்தார்கள். மெயில் படித்தார்கள். பச்சைக்கோடு கம்பியைப் போல நேராகப் போயிற்று. பிறகு இரண்டாயிரம் பேரும், கண்ணுக்குத் தெரியாத இரண்டாயிரம் மேலாளர்களின் பேச்சைக் கேட்டபடி நாலேகால் நிமிடம் கைகட்டி நின்றார்கள். அது முடிந்து எல்லாரும் ஒரே நொடியில் பதில் எழுதக் கிளம்பியதும் கோடு சிவந்தது, நடுங்கியது, படுத்துவிட்டது. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஸ்வெட்டர் ஓடிவந்தார்.

காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. யாராவது மூன்று நிமிடம் பேசாமல் இருந்தால், ஆள் போய்விட்டான் என்று எண்ணி அந்தச் சர்வர் கதவைச் சாத்திவிடும். திரும்பி வருகிறவர் மறுபடி வணக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரே நொடியில் இரண்டாயிரம் வணக்கம் வந்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது.

மேலாளருக்கு இந்த விளக்கம் ருசிக்கவில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது, பதிவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னார். உஷ் சார் எடுத்துவிட்டு ஓட்டினார். பச்சையோ பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மேலாளர் சான்றை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க சார். இடைவெளியை வெட்டணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?"

அதுதான் உஷ் சாரைக் கொன்றது. மேலாளர் சொன்னது அத்தனையும் உண்மை. புதிதாகச் சேர்கிற எல்லாருக்கும் உஷ் சார் சொல்லும் முதல் பாடம் அது. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு அந்த முதல் வரிசை, இரண்டாவது நாற்காலி. போடாவிட்டால் பை. கொள்கையும் கையெழுத்துப் போடு என்கிறது, குடும்பமும் கையெழுத்துப் போடு என்கிறது. பேனாவைத் திறந்தார். மூடினார். காலையில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். மேலாளர் அதைக் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கு வெற்றிச் செய்தி அனுப்பினார்.

மாலை ஆறு மணிக்கு டீச்சர் மறுநாள் கட்டப்போகிற புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உஷ் சார் சமையலறை வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். சர்வர், ஸ்கிரிப்ட் என்றெல்லாம் ஆரம்பித்தால் டீச்சர் வழக்கமாக மிக்ஸியைப் போட்டுவிடுவார். அன்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எங்க ஸ்கூல்ல காலைல ஆயிரம் பிள்ளைங்க வர்றாங்க. ஒரு நாளாவது வாசல்ல நெரிசல் வந்திருக்கா? எட்டு மணியிலிருந்து ஒவ்வொண்ணா வரும். ஆனா இடைவேளை முடிஞ்சு மணி அடிச்சதும் பாருங்க. அதே வாசல், அதே பிள்ளைங்க, ஒண்ணு மேல ஒண்ணு விழும். நான் நின்னு விசில் அடிக்கலைன்னா யார் பல்லாவது போயிடும்."

"அது ஸ்கூல். ஆபீஸ்ல எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து போகமாட்டாங்க."

"அப்படியா? உங்க ஆபீஸ்ல பதினோரு மணிக்கு டீ கிடையாதா?"

பதினோரு மணிக்கு ஆறு மாடியிலும் டீ உண்டு. பதினொன்றே காலுக்கு மணி அடிக்கும், இரண்டாயிரம் பேரும் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்ததும் அவர்கள் செய்யும் முதல் காரியம் என்ன என்பது அவருக்குத் தெரியும். அவரும் அதைத்தான் செய்வார்.

"இருபத்திரண்டு வருஷமா அழுக்கு அழுக்குன்னு வெட்டிக் குப்பையில போட்டீங்களே, அதுதாங்க உங்க ஆபீஸ்" என்று சொல்லிவிட்டு டீச்சர் மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தார்.

கையெழுத்துப் போடாவிட்டால் நாளை வர முடியாமல் போகலாம் என்று உஷ் சார் மெல்ல இழுத்தார். டீச்சர் புடவையின் முந்தானையை மடித்தபடி, கையெழுத்து அவர் சம்பந்தப்பட்டது, நாற்காலி தன் சம்பந்தப்பட்டது என்று சொல்லிவிட்டார். விட்டுக்கொடுக்கிற குரலாகவும் இல்லை, மிரட்டுகிற குரலாகவும் இல்லை. நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் கோடு போடுகிறவரின் குரல்.

வெள்ளிக்கிழமை காலை, கையெழுத்துப் போடப்போவதில்லை என்று உஷ் சார் மேலாளரிடம் நேரில் சொன்னார். மேலாளர் சிவந்த விதத்தைப் பார்த்தால் முந்தைய நாள் சிவப்புக்கோடு ஒன்றுமே இல்லை. விடுப்பு ரத்து என்பதை முதலில் அறிவித்தார். டீ இடைவேளை பற்றிச் சொன்னபோது, பொறுப்புள்ள ஊழியர் எவரும் மெயிலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகமாட்டார் என்றார். பத்து நிமிடம் ஒரே மூச்சில் மெயில் பார்க்கத் தெரியாதவர் உஷ் சார் ஒருவர்தான் என்றும் சொன்னார்.

உஷ் சார் பணிவாகத் தன் நாற்காலியைக் காட்டினார்.

"அப்போ இந்தத் தடவை நீங்களே பதிவு பண்ணிக் கொடுங்க சார். நீங்க வழக்கமா எப்படி மெயில் பார்ப்பீங்களோ அப்படியே. அதுல ஒரு விநாடிகூட நான் வெட்டமாட்டேன். பச்சை வந்தா உடனே கையெழுத்து."

மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி பதினொன்று. பதிவு தொடங்கியது. வணக்கம், கடவுச்சொல், முதல் மெயில். படித்தார். இரண்டாவது மெயிலைத் திறந்தார். அவர் கைபேசி அடித்தது. தலைமை அலுவலகம். மேலாளர் எழுந்து நின்று பேசினார். முடிந்துவிட்டதா என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும், முடிந்த மாதிரிதான் என்று இவர் மூன்று விதமாகச் சொன்னார். பேசிக்கொண்டே ஜன்னல் வரை போனார், அப்படியே நடைபாதைக்குப் போனார். அங்கே டீ வந்திருந்தது. ஸ்வெட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உஷ் சார் விரலைத் தூக்கினார். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் இடைவெளி கெட்டுப்போகக் கூடாதே என்பதற்காக அவர் சொன்ன முதல் உஷ் அது.

ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி கழித்து மேலாளர் டீயோடு திரும்பி வந்து, மூன்றாவது மெயிலைத் திறந்து, பதில் எழுதி, வெற்றியோடு எழுந்தார். உஷ் சார் கையோய்ந்து உட்கார்ந்திருப்பதுதான் இடைவெளி, தான் தொலைபேசியில் பேசிய நேரமெல்லாம் அதில் சேராது என்று அவர் நினைத்திருந்தார். இத்தனை வருடமாக உஷ் சார் எதற்கு விரலைத் தூக்குகிறார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்கவில்லை.

பதிவை ஸ்கிரிப்ட் ஆக்கி முடிக்க மணி பன்னிரண்டரை ஆனது. ஸ்வெட்டர் சாப்பிடப் போனார். அவர் சாப்பிட்ட வேகத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் குறிப்பும் மூன்று மணிக்கு முடியாது. ஒன்றரைக்கு இரண்டாயிரம் மேலாளர்கள் உள்ளே வந்து நின்றார்கள். அப்படி ஒரு காட்சியை எந்த அலுவலகமும் பார்த்திருக்காது, பார்த்தால் தாங்கியிருக்காது. சர்வரும் தாங்கவில்லை. இரண்டாயிரம் பேரும் ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி மௌனமாக இருந்துவிட்டு, ஒன்றாக வணக்கம் சொன்னதும் படுத்துவிட்டது. மேலாளர் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். இன்னொரு முறை படுத்தது. மணி இரண்டு இருபது.

இடைவெளியை வெட்டிவிடலாமா என்று உஷ் சார் மரியாதையாகக் கேட்டார். மேலாளர் திரையைப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார், தன் கோப்பையைப் பார்த்தார்.

"என் பதிவுல என்ன சார் தப்பு இருக்கு? சர்வர்லதான் தப்பு இருக்கு."

அந்த ஒரு வாக்கியத்துக்காக உஷ் சார் காலையிலேயே அறிக்கையைத் தயாராக எழுதி வைத்திருந்தார். ஓர் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அதில் ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி என்று நிரப்பி, அச்செடுத்து, மேலாளர் கையில் கொடுத்தார். சர்வரைச் சரிசெய்ய இரண்டு வாரமாவது ஆகும் என்று ஸ்வெட்டர் ஒப்புக்கொண்டார். ஆகவே இன்று மறுபடி சோதிக்க எதுவும் இல்லை. ஆனாலும் உஷ் சார் கூடவே இருந்தால் தனக்குத் தைரியமாக இருக்கும் என்றும், தலைமைக்கு என்ன சொல்வது என்று சேர்ந்து யோசிக்கலாம் என்றும் மேலாளர் பேச ஆரம்பித்தார். உஷ் சார் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடந்துகொண்டே விரலை மட்டும் மேலே தூக்கினார்.

இரண்டே முக்காலுக்குப் பேருந்து கிடைத்தது. எல்லாச் சிக்னலிலும் நின்றது. ஓரிடத்தில் சிக்னலே இல்லாமலும் நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே வந்த இன்னொரு ஓட்டுநரிடம் ஏதோ விசாரித்தார். அந்த இடைவெளியை மட்டும் வெட்ட வழியில்லை. பள்ளி வாசலில் இறங்கி ஓடினார். அவர் ஓடியதைக் கடைசியாக யார் பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அரங்கின் பின்கதவைத் திறந்தபோது தலைமை ஆசிரியை பேசிக்கொண்டிருந்தார். மேடையில் நடு நாற்காலியில் டீச்சர், இஸ்திரி கலையாத புடவையில், கழுத்தில் விசிலோடு. முதல் வரிசையில் இரண்டாவது நாற்காலியில் கறுப்புப் பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

உஷ் சார் குனிந்தபடி நடுவழியில் நடந்து போய், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையிலிருந்து டீச்சர் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேஜைக்கு அடியில் அவர் கட்டைவிரல் மட்டும் எதையோ அழுத்தியது. சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது, மேலாளர். உஷ் சார் அதை அணைத்து மடியில் இருந்த பைக்குள் போட்டார். பக்கத்து நாற்காலிக்காரர், நீங்கள்தான் டீச்சரின் கணவரா என்று காதில் கேட்டதற்கு மட்டும் பழக்க தோஷத்தில் உஷ் என்றுவிட்டார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிய சர்வர் இருபத்தோரு நாள் தாமதமாக வேலைக்கு வந்தது. பெரிய விபத்து ஒன்றைத் தம் சொந்தப் பதிவின் மூலம் தடுத்ததற்காகத் தலைமை அலுவலகம் மேலாளருக்கு ஒரு பாராட்டு மெயில் அனுப்பியது. அது பதினொன்றே காலுக்கு வந்தது, தடங்கல் இல்லாமல் வந்தது. உஷ் சார் இப்போதும் விரலைத் தூக்குகிறார். ஆனால் இடைவெளிகளை வெட்டுவதில்லை.

அன்று கூட்டம் கலைந்தபிறகு டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். நான்கு பேர் நான்கு சுவர்க் கடிகாரம் பரிசளித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது. அவற்றை உஷ் சாரின் கையில் அடுக்கினார். தன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்டாப்வாட்சைக் காட்டினார்.

"பதினெட்டு நிமிஷம் லேட்."

"வெட்டிடலாமா?" என்றார் உஷ் சார், கடிகாரங்களுக்கு மேலே முகத்தை நீட்டி.

டீச்சர் அதை அழிக்கப் போகிறவர் போலக் கட்டைவிரலை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"வேண்டாம், இருக்கட்டும். பார்த்து நடங்க, கடிகாரத்தைக் கீழ போட்டுடாதீங்க."